பெயரில்லா சொன்னது

பூரணலிங்கம் தன் மனைவி செண்பகவல்லியைக் கடைசியாக உயிரோடு பார்த்தது மதுரையில், ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடி வராந்தாவில், தள்ளுவண்டியில் மல்லாந்து கிடந்தவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அவர் பக்கம் நீட்டியபோது. அவர் ஒரு கையில் செல்போனைப் பிடித்திருந்தார். கண்ணாடியை வாங்க அதைச் சட்டைப் பையில் போட வேண்டியிருந்தது, ஒரு கணம் தாமதமாகிவிட்டது. அவள் அதைப் பார்த்துவிட்டாள். "எத்தனை பேர் பாத்திருக்காங்க?" என்றாள். அவளுடைய வலைப்பூவைத்தான் கேட்டாள். "நூத்தி எண்பது" என்றார். "என்னத்தப் பாக்காங்க, வெண்டைக்காய்ப் பச்சடிய" என்று சொல்லிவிட்டு மேல்விளக்கைப் பார்த்துக்கொண்டாள். வண்டியைத் தள்ளிய ஆள் "கொஞ்சம் வழி விடுங்க சார்" என்றான், அவர் விட்டார், கதவு இரண்டு பக்கமும் ஆடி நின்றது, அவ்வளவுதான். நாற்பத்தோரு வருஷத்துத் தாம்பத்தியத்தின் கடைசிச் சொல் வெண்டைக்காய்ப் பச்சடி என்றாகிவிட்டது. இப்போது ஒன்றரை வருஷம் கழித்து, கோவில்பட்டி வீட்டில், காலை ஒன்பது மணிக்கு, கணினி மேஜையில் கோடு போட்ட தாளை வைத்துக்கொண்டு, 'வலைப்பூ தொடங்குவோருக்குச் சில யோசனைகள்' என்று தலைப்பு எழுதி அதன் கீழே கோடும் இழுத்தபின், அவருக்கு அந்தப் பச்சடியைத் தாண்டி எதுவும் ஓடவில்லை. அவள் அதைக் கசப்பில் சொன்னாளா, சிரிப்பில் சொன்னாளா? சிரிப்பில் சொல்லியிருந்தால் உதட்டின் வலது ஓரம் கொஞ்சம் இறங்கும். அவர் அந்த நேரம் உதட்டைப் பார்க்கவில்லை, கண்ணாடியின் கண்ணில் விரல் ரேகை படாமல் பிடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மகள் நித்திலா பதினொரு மணிக்கு வந்துவிடுவாள். கோயம்புத்தூரிலிருந்து சாத்தூரில் இருக்கும் மாமியார் வீட்டுக்கு வந்திருக்கிறாள், அங்கிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். அம்மா எழுதியதையெல்லாம் புத்தகமாகப் போடப் போகிறாள். அதற்குத்தான் வருகிறாள். "பதிவு மட்டும் இல்லப்பா, பின்னூட்டமும் சேத்துத்தான் போடப் போறேன், அந்தக் காலத்துல ஜனங்க எப்படிப் பேசிக்கிட்டாங்கன்னு தெரியணும்ல" என்று போன வாரம் போனில் சொன்னாள். "கடைசியில நீங்க ஒரு கட்டுரை எழுதுங்க. அம்மா பிளாக் எப்படி அவ்வளவு பேர் படிக்கிற மாதிரி வந்துச்சுன்னு. நீங்கதான கூட இருந்து நடத்துனீங்க. புதுசா எழுத வாறவங்களுக்கு உபயோகமா நாலு விஷயம்." நீங்கதான நடத்துனீங்க. அந்தச் சொல்லை அவர் ஒரு வாரமாக வாயில் போட்டு ஒதுக்கிக்கொண்டிருந்தார். உண்மைதான், நடத்தினார். பஞ்சாலையில் எடை குமாஸ்தாவாக இருந்தவர், ஆலையை மூடினதும் ஐம்பத்து மூன்று வயதில் வீட்டுக்கு வந்துவிட்டார். மணிக்கு இருபது ரூபாய் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, பக்கத்து நாற்காலிக் கல்லூரிப் பையன்கள் ஓரக்கண்ணால் சிரிக்கச் சிரிக்க, யாரும் சொல்லித்தராமல் தமிழ்த் தட்டச்சும் டெம்ப்ளேட் மாற்றுவதும் கற்றார். தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து விருப்ப ஓய்வு வாங்கிய மனைவிக்கு வலைப்பூவைத் திறந்து கொடுத்தவரும் அவர்தான். பேர் வைத்தது மட்டும் அவள், 'லைனில் இருங்கள்' என்று. அந்தப் பேர் வேண்டாம், 'செண்பகவல்லி பக்கங்கள்' என்று வை, தேடினால் கிடைக்கும் என்றார். "என்னையத் தேடி யாரு வரப்போறா? வந்தா லைன்ல இருக்கட்டும்" என்றாள்.

தாளில் முதல் யோசனையை எழுதினார். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் பதிவு போடவும். ஆபீசுக்குப் போய் சிஸ்டத்தைத் திறந்ததும் மேலதிகாரி வருவதற்குள் படிப்பவர்களே நம் வாசகர்கள். திங்கட்கிழமை வேலை இருக்கும், சனி ஞாயிறு ஈ ஓட்ட வேண்டியதுதான். இது சரியான யோசனை. இரண்டு வருஷம் கணக்குப் பார்த்துக் கண்டுபிடித்தது. தலைப்பு நான்கு சொல்லைத் தாண்டக் கூடாது. முதல் பத்தியில் ஊர்ப் பேர் வர வேண்டும், ஊர்க்காரன் ஒருத்தன் எங்கிருந்தாவது வந்து விழுவான். படத்தைச் சுருக்கிப் போடவும். பின்னணியில் பாட்டு வைக்கக் கூடாது, ஆபீசில் திறந்தவன் மாட்டிக்கொண்டு அப்புறம் வரவே மாட்டான். எழுதிக்கொண்டே போனபோது கை தானாக ஓடியது. அடுத்தவர் பதிவுக்குப் போய் நாலு வரி எழுதிவிட்டு வந்தால்தான் அவர் நம் வீட்டுக்கு வருவார், இது மொய் மாதிரி, எழுதினவருக்குத் திருப்பி எழுத வேண்டும். செண்பகவல்லிக்கு அந்த மொய் எழுதியதும் அவர்தான், அவள் பெயரில். 'அருமை தம்பி', 'அம்மாவை நினைவுபடுத்திவிட்டீர்கள்', 'கலக்கல்'. ஒரு நாளைக்கு முப்பது. "நான் இந்தக் கலக்கலைச் சொன்னேனா? நான் அப்படிப் பேசுவேனா?" என்று அவள் ஒரு நாள் கேட்டாள். "யாரு பேசுனா என்ன, வாறாங்கல்ல" என்றார். வந்தார்கள். பத்துப் பேர், நாற்பது பேர், நானூறு பேர். அவருக்கும் ஒரு வலைப்பூ இருந்தது. 'பஞ்சும் நூலும்'. அதைப் பற்றித் தாளில் எழுதத் தேவையில்லை. செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கே போட்டார், நான்கு சொல் தலைப்பே வைத்தார், ஊர்ப் பேர் முதல் வரியிலேயே வந்தது. ஆறு பேர் படித்தார்கள். அதில் மூன்று அவரே வெவ்வேறு கணினியில் திறந்து பார்த்தது.

அவள் எப்படி எழுதினாள் என்று யாரும் கேட்டால் சொல்லத் தெரியாது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, கை கழுவின ஈரத்தோடு வந்து உட்கார்ந்து, கோடு போடாத தாளில் எழுதித் தருவாள், அவர் தட்டச்சு செய்வார். அடித்தல் திருத்தல் இருக்காது. ஆபரேட்டர் இணைத்துக் கொடுத்தால்தான் வெளியூருக்குப் பேச முடிந்த டிரங்க் கால் காலத்துக் கதைகள். மகன் செத்த செய்தியைச் சொல்ல வந்தவன் சொல்ல முடியாமல் மழை பெய்யுதா என்று மூன்று நிமிஷம் கேட்டுவிட்டு வைத்தது, அர்ஜென்ட் கால் போட்டுவிட்டு என்ன அவசரம் என்பதையே மறந்துபோன வத்தல் வியாபாரி. தட்டச்சு செய்யும்போது அவருக்கு நன்றாக இருக்கிறது என்ற எண்ணம் முதலில் வரும், அதன் நிழல் மாதிரி இன்னொன்று வரும், அதற்கு இன்றுவரை அவர் பேர் வைக்கவில்லை. அவர் ஒரு பத்திக்கு ஒரு வாரம் உட்கார்ந்தவர். அகராதி பார்த்தவர். இவள் பச்சைமிளகாய் கிள்ளுகிற மாதிரி எழுதிப் போட்டுவிட்டுப் போகிறாள். "நல்லாருக்கா?" என்பாள் போகிற போக்கில். "பரவாயில்ல, தலைப்பு மட்டும் நீளம்" என்பார். எத்தனை தடவை அந்தப் பரவாயில்லை. நூற்று நாற்பது பதிவு, நூற்று நாற்பது பரவாயில்லை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நல்லாருக்கு என்று சொல்லியிருக்கலாம். வாய் என்ன தேய்ந்தா போயிருக்கும். வெளியில் கேஸ் வண்டிக்காரன் சிலிண்டரை உருட்டிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. மணி ஒன்பதரை. தாளில் பதினொரு யோசனைகள் ஆகியிருந்தன. பன்னிரண்டாவதுதான் உண்மையில் முதலாவது. வாசகர் எண்ணிக்கை நானூறில் நின்றுவிட்டால் என்ன செய்வது? அதற்கு விடை அவருக்குத் தெரியும். அதை எழுதினால் கட்டுரை முடிந்துவிடும், அவரும் முடிந்துவிடுவார்.

விடையைச் சொன்னவன் ஞானதுரை, 'கரிசல் பூனை' என்ற பேரில் எழுதியவன், மதுரையில் நடந்த பதிவர் சந்திப்பில். வாடகைக் கூடத்தில் முப்பது பேர், மாமா, தல, அண்ணாச்சி என்று முன்பின் பார்க்காதவர்களைக் கூப்பிட்டுக்கொண்டு, உளுந்த வடையும் டீயுமாக. செண்பகவல்லியைச் சுற்றி ஆறேழு பேர் நின்றார்கள், அம்மா அந்த மழை பதிவு அம்மா என்று. பூரணலிங்கம் வடைத் தட்டோடு சுவரோரம் நின்றார். ஞானதுரை வந்து தோளில் கை போட்டான். "என்ன சார், வீட்டுக்காரம்மா ஸ்டார் ஆயிட்டாங்க, நீங்க மானேஜரா?" என்றான். அவர் சிரித்தார். நானூறுக்கு மேல் ஏறமாட்டேன் என்கிறது என்று குறைப்பட்டார். "ஏறாது சார். நல்லாருக்கு நல்லாருக்குன்னு நாப்பது பேர் சொன்னா அது கல்யாண வீட்டுப் பந்தி. ஒருத்தன் உப்பு இல்லன்னு இலையத் தூக்கி வீசணும். அப்பத்தான் தெருவே எட்டிப் பாக்கும்." "யாரு வீசுவா?" "வீச ஆள் இல்லேன்னா நம்மளே வீசிக்கிட வேண்டியதுதான். அனானியா வாங்க, திட்டுங்க, போயிருங்க. நான் என்னையவே எத்தனை தடவை நாறடிச்சிருக்கேன் தெரியுமா? என் சம்சாரம்கூட அப்படித் திட்டுனதில்ல." பேர் சொல்லாமல் எழுதினால் வலைப்பூ 'பெயரில்லா சொன்னது' என்று காட்டும், பதிவர்கள் பேச்சில் அது அனானி. அன்று திரும்பி வரும் பஸ்ஸில் செண்பகவல்லி ஜன்னலோரம் உட்கார்ந்து சந்தோஷமாக இருந்தாள். "எல்லாம் நம்ம புள்ளைக மாதிரி இருக்குதுக" என்றாள். அவர் இலையைப் பற்றி நினைத்துக்கொண்டு வந்தார்.

அவர் இலையை வீசிய பதிவின் தலைப்பு 'பேசாத மூன்று நிமிஷம்'. தலைப்பு மூன்றே சொல், அவர் சொல்லித்தராமல் அவளே வைத்தது. வெள்ளிக்கிழமைதோறும் கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸ்காரர் வீட்டிலிருந்து பம்பாய்க்கு ஒரு கால் போகும். இரண்டு பக்கமும் எடுப்பார்கள். யாரும் பேச மாட்டார்கள். மூன்று நிமிஷம் முடிந்ததும் இவள் நடுவில் வந்து, "நேரம் முடிஞ்சுது, நீட்டிக்கவா?" என்று கேட்பாள். இந்தப் பக்கத்துப் பெண் குரல், "நீட்டிங்க" என்று ஒரே ஒரு சொல் சொல்லும். மறுபடி மூன்று நிமிஷம் மூச்சு. ஏழு மாசம் அப்படிப் போய் ஒரு வெள்ளிக்கிழமை நின்றுவிட்டது. அவ்வளவுதான் பதிவு. அதைத் தட்டச்சு செய்துவிட்டுப் பூரணலிங்கம் மறுபடி முதலிலிருந்து படித்தார். இதை நான் எழுதியிருக்க மாட்டேன், நூறு வருஷம் உட்கார்ந்தாலும் எழுதியிருக்க மாட்டேன் என்று தெரிந்தது. செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குப் போட்டார். பதினொன்றுக்கு அவள் பென்ஷன் விஷயமாக வங்கிக்குப் போனாள். அவர் அவள் கணக்கிலிருந்து வெளியே வந்து, பின்னூட்டப் பெட்டியில் 'பெயரில்லா' என்ற வட்டத்தைத் தொட்டார். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஒரு சொல்லை அடிக்கவில்லை, திருத்தவில்லை. 'அவர்கள் பேசவில்லை என்பது உங்களுக்கு எப்படித் தெரியும் அம்மணி? இணைத்துவிட்டு விலக வேண்டியவர் காதை வைத்துக்கொண்டு இருந்தீர்கள், அப்படித்தானே? ஒரு பெண் தன் வீட்டுச் சுவருக்குக்கூடக் கேட்காமல் அழுவதற்கு மூன்று நிமிஷம் விலை கொடுத்து வாங்கினாள். அதையும் நீங்கள் திருடினீர்கள். அன்று காதால் திருடியதை இன்று கையால் விற்கிறீர்கள். இதற்காக மெமோ வாங்கியவர்தானே நீங்கள்?' கடைசி வரி தானாக வந்தது. வந்ததை அவர் பார்த்தார். பார்த்தபிறகுதான் பொத்தானை அழுத்தினார். பின்னூட்டங்களைப் படித்து அனுமதிக்கிற வேலையும் அவருடையதுதான், அதனால் மறுபடி உள்ளே போய், பெயரில்லா என்ற அந்த ஆளுக்கு அனுமதியும் கொடுத்தார். விருந்தாளியாகக் கதவைத் தட்டிவிட்டு ஓடிவந்து வீட்டுக்காரனாகத் திறந்துவிட்ட மாதிரி.

மெமோ உண்மை. அவள் லைனில் காது வைத்ததை ஒரு மேற்பார்வையாளர் கண்டுபிடித்து விளக்கம் கேட்டு எழுதியிருந்தார், அத்தோடு போயிற்று. அந்தத் தாள் வந்ததை அறிந்தவர்கள் இரண்டு பேர்தான். ஒருத்தர் பக்கத்து நாற்காலி ஆபரேட்டர் ஜெயசீலி, முப்பது வருஷத்துச் சிநேகிதி, கிறிஸ்துமஸுக்கு அந்த வீட்டிலிருந்து கேக்கும் முறுக்கும் வரும், பொங்கலுக்கு இங்கிருந்து போகும். இன்னொருத்தர் புருஷன். வங்கியிலிருந்து வந்து படித்தவள் நின்றபடியே படித்தாள், பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "இதை ஏன் உள்ள விட்டீங்க?" என்றாள். "விடலேன்னா பயந்துட்டோம்னு சொல்லுவான். நாலு கருத்து வரத்தான் செய்யும்." "மெமோ விஷயம் இவனுக்கு எப்படித் தெரியும்?" அவர் விசைப்பலகையை நேராக்கி வைத்தார். "நீங்க யார்ட்டயாவது சொன்னீங்களா?" "நான் ஏன் சொல்லப்போறேன், யார்ட்டயும் சொல்லல." அதில் ஒரு எழுத்துப் பொய் இல்லை. சொன்னதெல்லாம் உண்மையாகவே இருந்தது. அவள் பையைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப ஜெயசீலிதான்" என்றாள். குரல் எழவில்லை. ஒரு நம்பரை வாசிக்கிற மாதிரி சொன்னாள். அவர் அந்த இடத்தில் ஒரு சொல் சொல்லியிருக்க வேண்டும். சே, அவங்க அப்படிப்பட்டவங்க இல்ல என்றாவது. "யாரக் கண்டா" என்றார். யாரக் கண்டா. அந்த இரண்டு சொல்லை அவர் எத்தனை விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறார் இந்தப் பத்து வருஷத்தில், குளிக்கும்போது, வரிசையில் நிற்கும்போது, எப்படிச் சொன்னாலும் அது ஒரு ஆளைக் காட்டிக்கொடுக்கிறது.

தெரு எட்டிப் பார்த்தது. எல்லா வலைப்பூவையும் ஒரே பக்கத்தில் சேர்த்துக் காட்டும் திரட்டியில் மத்தியானத்துக்குள் அந்தப் பதிவு முதலிடத்துக்கு வந்துவிட்டது. நாலாயிரத்து இருநூறு பேர். அனானியைத் திட்டியவர்கள், அனானி கேட்டதில் என்ன தப்பு என்றவர்கள், தனிமனித அந்தரங்கம் பற்றி மூன்று பகுதியாக எழுதியவர் ஒருத்தர், நடுவில் புகுந்து 'நான் வடை சாப்பிட்டுட்டு வாறேன், சண்டையை நிப்பாட்டிராதீங்க' என்று ஞானதுரை. அவன் கண்டுகொண்டானோ என்று அவருக்கு அன்றைக்கு வேர்த்தது. கண்டுகொண்டால்தான் என்ன, அவன் தொழில் அது. ஆனால் அதைவிட அசிங்கமான ஒன்று இருக்கிறது, அதை எந்தத் தாளிலும் எழுத முடியாது. அவர் எண்ணிக்கை ஏறுவதைப் பார்த்து மட்டும் உட்கார்ந்திருக்கவில்லை. ஒவ்வொருத்தரும் பதில் எழுதும்போது அனானியின் வரியை இரண்டு சாய்கோட்டுக்குள் எடுத்துப் போட்டு எழுதினார்கள். காதால் திருடியதைக் கையால் விற்கிறீர்கள். அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். யாரோ ஒருத்தர், 'கருத்து விஷம், ஆனால் ஆள் எழுதத் தெரிந்த ஆள்' என்று போட்டிருந்தார். அவர் வாழ்க்கையில் எழுதியதைப் பார்த்து எழுதத் தெரிந்த ஆள் என்று ஒருத்தர் சொன்னது அது ஒன்றுதான். அதற்கு அவர் சந்தோஷப்பட்டார். மறைத்து என்ன ஆகப்போகிறது, அடுப்படியில் அவள் பாத்திரத்தைத் தேவைக்கு மேல் தேய்க்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்க, இந்த அறையில் அவர் சந்தோஷப்பட்டார்.

சாயங்காலம் அவளே வந்து உட்கார்ந்து, ஒரு விரலால் எழுத்துத் தேடித் தேடி, அவரைத் தொட விடாமல், ஒரு பதில் போட்டாள். மெமோ வரியைச் சாய்கோட்டுக்குள் எடுத்துப் போட்டு, அதன் கீழே: 'ஆமாம், வாங்கினேன். கேட்டேன். பேசாதவர்களுக்கும் யாராவது ஒருத்தர் லைனில் இருக்கணும் என்று நினைத்தேன். தப்பாக இருக்கலாம். இதை எழுதியவர் யாரென்று எனக்குத் தெரியும். சுகமாக இருங்கள்.' அதற்கப்புறம் டிரங்க் கால் பதிவு ஒன்றுகூட வரவில்லை. வெண்டைக்காய்ப் பச்சடி, பீர்க்கங்காய்த் துவையல், ஊறுகாயில் பூஞ்சை வராமலிருக்க. எட்டு வருஷம். ஜெயசீலி வீட்டுக் கேக் அந்த டிசம்பரில் வந்தது, அவள் வாசலிலேயே நிறுத்தி, "வேண்டாம், எங்க வீட்ல சுகர்" என்று திருப்பி அனுப்பினாள். கொண்டுவந்தது ஜெயசீலியேதான். தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள், முகம் என்னவோ ஆகி. அவர் செய்தித்தாளைப் பிரித்து முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டார். பிறகு செத்த வீட்டுக்கு ஜெயசீலி வந்தாள், மாலையை வைத்துவிட்டு வெளியில் நாற்காலி போட்ட இடத்துக்கு வந்து அவர் பக்கத்தில் நின்றாள். "அண்ணே, அவ ஏன் என்ட்ட பேசாமப் போயிட்டா? எட்டு வருஷம்ணே. நான் என்ன செஞ்சேன்னு உங்ககிட்டயாவது சொன்னாளா?" என்றாள். "அவ உடம்பு அப்படிம்மா, கடைசியில யார்ட்டயும் சரியாப் பேசல" என்றார். ஜெயசீலி தலையாட்டிக்கொண்டாள். நம்பின மாதிரி தெரியவில்லை, வேறு என்ன செய்வது என்று தெரியாத தலையாட்டல்.

போன் அடித்தது. நித்திலா. "அப்பா, பஸ் ஏறிட்டேன். எழுதிட்டீங்களா?" "எழுதிக்கிட்டே இருக்கேன்." "அந்தப் பேசாத மூன்று நிமிஷம் இருக்குல்ல, அந்த அனானி சண்டை, அதை அப்படியே முழுசாப் போடப்போறேன்ப்பா. அதுக்குக் கீழ ஒரு அடிக்குறிப்பு. இதை எழுதினவர் அம்மாவோட உடன் பணிபுரிந்த ஒருவர்னு அம்மா கடைசிவரை நம்பினார்னு. பேரு போடல. ஊர்ல தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்." "எதுக்கும்மா அது, பழைய கதை." "பழைய கதையா? அம்மா கதை எழுதுறதையே நிப்பாட்டுனது அதனாலதான. அந்த அம்மாவை வெளியீட்டுக்குக் கூப்பிடவும் மாட்டேன், சொல்லிட்டேன்." பஸ் ஹாரன் சத்தத்தில் மீதி கேட்கவில்லை, வைத்துவிட்டாள். அடிக்குறிப்பு அச்சில் வரும். வலைப்பூ போல இல்லை, அச்சு நூலகத்தில் நிற்கும், ஜெயசீலியின் பேத்தி எடுத்துப் படிப்பாள். மகளிடம் உண்மையைச் சொல்லிவிடலாம். வாசலில் வந்து செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிடலாம், நித்திலா, அது நான். மூன்றே சொல். வாயைத் திறந்து சொல்லிப் பார்த்தார். அறையில் அந்தக் குரல் யாருடையதோ மாதிரி இருந்தது. சொன்னபிறகு அவள் முகம் என்ன ஆகும் என்று நினைத்ததும், தட்டோடு நின்ற ஜெயசீலி முகம்தான் வந்தது. அறுபத்தைந்து வயதில் ஒரே மகளுக்கு முன்னால் அப்படி நிற்க முடியாது. அப்போதுதான் அந்த யோசனை, மற்ற பதினொன்றைவிடச் சுலபமான யோசனை, வந்து உட்கார்ந்தது. பின்னூட்டமே இல்லாவிட்டால் அடிக்குறிப்பும் இல்லை. ஜெயசீலிக்கும் நல்லது. ஆமாம், ஜெயசீலிக்காகத்தான். அவர் அதை இரண்டு தடவை சொல்லிக்கொண்டார்.

உள்ளே போனார். கடவுச்சொல் அவருக்கு மட்டும் தெரிந்தது, செண்பகவல்லிக்கே தெரியாது, கேட்டதுமில்லை. பதிவைத் திறந்து, கீழே, கீழே போய், 'பெயரில்லா சொன்னது' என்ற வரியில் நிறுத்தினார். பக்கத்தில் சின்னக் குப்பைத்தொட்டிப் படம். நிரந்தரமாக நீக்கவா என்று கேட்டது. அந்தக் கட்டத்திலும் குறி போட்டார். பக்கம் ஒரு தடவை வெள்ளையாகி மறுபடி வந்தது. நூற்றுப் பதிமூன்று, நூற்றுப் பன்னிரண்டு ஆகியிருந்தது. பத்து வருஷமாகக் கழுத்தில் தொங்கியது இவ்வளவு லேசாகவா கழன்று விழும் என்று ஒரு மூச்சு விட்டார், விட்ட மூச்சு பாதியிலேயே நின்றது. மேலே உருட்டினால் அவர் வரி இருந்தது. கீழே உருட்டினால் இருந்தது. இரண்டு சாய்கோட்டுக்குள், சென்னைக்காரர் ஒருத்தர் பதிலில், துபாய்க்காரர் பதிலில், ஞானதுரை பதிலில். எண்ணினார். பதினேழு இடம். காதால் திருடியதை. மூன்று நிமிஷம் விலை கொடுத்து. பேசின ஆள் எழுந்து போன பிறகும் சபை முழுக்க அவன் பேச்சையே பேசிக்கொண்டிருக்கிற மாதிரி. இவற்றையும் நீக்கலாம். ஒவ்வொன்றாக, குப்பைத்தொட்டி, குறி, குப்பைத்தொட்டி. துபாய்க்காரர் பதிலில் கை வைத்தார். அடுத்தது செண்பகவல்லியின் பதில் என்று பார்த்ததும் கையை எடுத்துவிட்டார். மற்றதை நீக்கி அதை விட்டால் அவள் ஆளில்லாத கூடத்தில் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டு நிற்பாள். அதையும் நீக்கினால் அவள் அதையும் சொல்லவில்லை என்றாகிவிடும். அவர் நாற்காலியில் சாய்ந்தார். மின்விசிறி தாளைத் தூக்கித் தூக்கிப் போட்டது.

நித்திலா வந்தாள், வெயிலோடு. பையை வைத்தாள், தண்ணீர் குடித்தாள், தாளை எடுத்துப் படித்தாள். "பின்னணியில பாட்டு வைக்கக் கூடாது. யாருப்பா இப்ப பாட்டு வைக்கா?" என்று சிரித்தாள். "நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா அம்மாவே இதுல இல்லையே." "நீ இறக்குற வேலையைப் பாரு, கரண்ட் போனாலும் போயிரும்" என்றார். "அதெல்லாம் போன ஞாயித்துக்கிழமையே இறக்கிட்டேன்ப்பா. பதிவு, பின்னூட்டம், எல்லாம் என் மடிக்கணினில இருக்கு. இன்னைக்கு ஒரு தடவை ஒப்பிட்டுப் பாத்து முடிச்சிரலாம்னு வந்தேன். நீங்க ஏன் வேர்த்து வடியிறீங்க, ஃபேனக் கூட்டி வைங்க." அவள் தன் மடிக்கணினியை அவர் கணினிக்குப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு பதிவாகத் தலைப்பும் பின்னூட்ட எண்ணிக்கையும் வாய்விட்டுப் படித்தாள். மழை பெய்யுதா, இங்க பன்னெண்டு, அங்க பன்னெண்டு. அர்ஜென்ட் கால், பதினாறு, பதினாறு. அந்தக் குரல் செண்பகவல்லியின் குரல் மாதிரியே, நம்பர் சொல்கிற குரல். அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இப்போது சொல்லிவிடலாம், இன்னும் நாலு தலைப்பு இருக்கிறது, மூன்று. "பேசாத மூன்று நிமிஷம். இங்க நூத்திப் பதிமூணு." நிறுத்தினாள். "அங்க நூத்திப் பன்னெண்டு." மறுபடி பார்த்தாள். விரலால் இரண்டு திரையிலும் ஒரே நேரத்தில் கீழே போனாள். எந்த இடத்தில் நின்றாள் என்று அவருக்கு இங்கிருந்தே தெரிந்தது. திரும்பாமலே கேட்டாள். "பாஸ்வேர்டு உங்ககிட்ட மட்டும்தான இருக்கு?" "ஆமா." "மெமோ விஷயம் ஜெயசீலி அத்தைக்குத் தெரியும். வேற யாருக்குப்பா தெரியும்?" அவர் வாயைத் திறந்தார். தெருவில் யாரோ யாரையோ வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். "எனக்கு" என்றார். அவள் மடிக்கணினியை மூடினாள். அடித்து மூடவில்லை, மெதுவாக மூடினாள், அடித்து மூடியிருந்தால் தேவலை என்று அவர் நினைத்தார். பையில் வைத்தாள், தாளை எடுக்கவில்லை. "அத்தை வீடு அதே சர்ச் தெருதான?" என்று கேட்டாள். "அதே வீடுதான்." "நீங்க வாறீங்களா, நான் மட்டும் போகவா?" அவர் நிலையிலிருந்து கையை எடுக்கவில்லை. அவள் எண்ணி ஐந்து மூச்சு பார்த்திருப்பாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனாள்.

அந்தப் பதிவில் இப்போது நூற்றுப் பன்னிரண்டு பின்னூட்டங்கள் இருக்கின்றன, அதில் ஒன்று செண்பகவல்லி எழுதியது.